பத்து ஆடும் வெள்ளச்சி ஆன கதை

புரோகிராமிங் வகுப்பில் சேர்ந்த மூன்றாம் வாரமே, உலகத்தில் உள்ள எதையும் கணினியில் அடைத்துவிடலாம் என்ற திமிர் எனக்கு வந்துவிட்டது. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அடைப்பதற்கு முதலில் அகப்பட்டவை செமோரில் மாமா வீட்டு ஆடுகள்.

மாமா அம்மாவின் தம்பி. பழைய ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். அத்தை இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பத்து ஆடுகளும் அத்தை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்து வளர்த்தவை. அவற்றை விற்றுவிட்டு மாமா ஈப்போவில் எங்கள் பிளாட்டுக்கே வந்துவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அக்காவுக்கு மறுபேச்சுப் பேசிப் பழக்கமில்லாத மாமா தலையை ஆட்டிவைத்தார். வெள்ளச்சியை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றார். தாயை இழந்த அந்தக் குட்டியை அத்தைதான் புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினாள்.

லகாட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒரு பாய் வாங்க வருவதாக ஏற்பாடு. அவருக்கு ஆடுகளின் பட்டியலை நானே அச்சடித்துத் தருகிறேன் என்று முந்திக்கொண்டேன். 'ஆடு' என்று ஒரு கிளாஸ் எழுதினேன். கிளாஸ் என்பது பலகாரம் சுடும் அச்சு மாதிரி. அதை வைத்து ஒவ்வோர் ஆட்டுக்கும் ஓர் ஆப்ஜெக்ட் செய்து, பெயர், வயது, விற்பனைக்கு உண்டா இல்லையா என்று நிரப்பி, பட்டியலில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். பத்தையும் சேர்த்தேன், கடைசியாக வெள்ளச்சியை. சனிக்கிழமை காலை அவசரமாகத் தாளை உருவிக்கொண்டு, படித்துக்கூடப் பார்க்காமல் அம்மாவோடு கிளம்பினேன்.

பாய் லாரியோடு வந்து நின்றார். மாமா தாளைப் பிரித்தார். பத்து வரியிலும் வெள்ளச்சி, எட்டு மாதம், விற்பனைக்கு இல்லை.

எனக்கு முகம் எரிந்தது. மாமா மறுபடியும் முதல் வரியிலிருந்து நிதானமாகப் படித்தார். பிறகு தாளைப் பாயிடம் நீட்டினார்.

"என்ன செய்யறது அண்ணே, கம்ப்யூட்டர்ல எல்லாமே இல்லைன்னு வந்திருக்கு."

"பிள்ளை தப்பா அடிச்சிருச்சுலா!" என்று அம்மா பதறினாள்.

பாய் தாளைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார். "கம்ப்யூட்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும், அக்கா" என்றார். தேநீர் குடித்துவிட்டுக் காலி லாரியோடு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிழையைக் கண்டுபிடித்தேன். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் ஒவ்வொரு முறையும் புது ஆட்டை உருவாக்காமல், அதற்கு முன்பே ஒன்றே ஒன்றை உருவாக்கியிருந்தேன். ஒரே ஆட்டைப் பிடித்துப் பத்து முறை பெயர் மாற்றியிருக்கிறேன்! கடைசிப் பெயர் எல்லா இடத்திலும் நின்றுவிட்டது. ஒரே ஒரு வரியை இடம் மாற்றினேன், பத்தும் ஒழுங்காக வந்தன. மறுநாளே அம்மாவை நச்சரித்துச் செமோருக்குப் போனேன்.

பிழையான தாள் அதற்குள் ஆட்டுக்கொட்டகைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. புதியதை மாமா வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"கெட்டிக்காரிலா நீ. ஆனா பழசே இருக்கட்டும் பாப்பா."

நான் அழுதேவிட்டேன். எனக்கு மாமா என்றால் உயிர். அவர் முன்னால் தோற்றுப்போனது தாங்கவில்லை. அம்மா அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போது பாயைத் திரும்பக் கூப்பிடுவது என்று கேட்கத்தான் வந்திருந்தாள், கேட்கவில்லை. ஆடுகளுக்குத் தழை போட்டுவிட்டு வந்து, காரில் ஏறு என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஆடு விற்கும் பேச்சை எடுக்கவில்லை. என் புதுப் பட்டியலிலும் ஏதோ பிழை இருக்கிறது, அதனால்தான் அது யாருக்கும் வேண்டியிருக்கவில்லை என்று நினைத்து, நான் ஒரு வாரம் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.