ஒன்பது பேரின் மலேசியப் பயணம்

சிங்காநல்லூரில் ஒரே அறைக்குள் டிராவல்ஸ் நடத்துகிறேன். ஒரு நாள் காலை ஒன்பது பெண்கள் சேர்ந்து படியேறி வந்தார்கள். எல்லோரும் ஒரே நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். முன்னால் நின்ற அக்கா கேட்டார்: "ஏனுங் அம்மணி, மலேசியாவுல முருகன் அத்தாம் பெருசா நிக்கறாராமா? எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட் அலுவலகத்து இயந்திரம் சிலருடைய கைரேகையை ஏற்கவே மறுத்தது. நூல் பிடித்தே விரல் தேய்ந்திருந்தது. துடைத்துத் துடைத்து வைத்தோம். ஒருவழியாக ஒன்பது பாஸ்போர்ட்டும் வந்தன.

அப்போதுதான் தில்லியிலிருந்து அறிவிப்பு வந்தது: வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு முன்கூட்டியே பிடிக்கும் வரி உயரும். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்குமாம். பென்ஷனில் காலம் தள்ளும் பெண் எங்கே போய் தாக்கல் செய்வாள்? பிறகு அமலாக்கத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு ஒரு வரம்பு வரை பழைய வரியே என்றார்கள். அந்த வரம்பு ஆளுக்கா, குழுவுக்கா என்று ஆடிட்டரிடம் கேட்டேன்.

"சுற்றறிக்கை வரட்டுமுங்க" என்றார்.

நானும் அக்காவிடம், "கொஞ்சம் பொறுங்க அக்கா" என்றேன். வாராவாரம் போன் செய்தார். வாராவாரம் அதையே சொன்னேன். இதற்குள் குழு டிக்கெட்டின் சலுகைக் கெடு முடிந்தது. "அரசாங்கத்துக்கே தெளிவில்லை, நீ எதுக்கும்மா?" என்று மகன்கள் சொல்ல, நான்கு பேர் விலகினார்கள். அக்காவுக்கு முழங்கால் வீங்கி, நடக்கவே முடியாமல் போனது.

கடைசியில் அந்தச் சுற்றறிக்கை வந்தது. எங்களுடையது போன்ற சின்னப் பயணத்துக்கு அந்த உயர்ந்த வரி கிடையவே கிடையாதாம். காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். இந்த ஒரே வாக்கியத்தை முதல் நாளே எழுதியிருந்தால் யாருடைய கை ஒடிந்திருக்கும்?

அடுத்த மாதம் டிராவல்ஸ்காரர்கள் கூட்டம். அதிகாரி ஒருவர் வந்து, வெளிநாட்டுச் சுற்றுலா எப்படியெல்லாம் வளர்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். எழுந்து நின்று ஒன்பது பேரின் கதையைச் சொன்னேன்.

"கொள்கைன்னா மாற்றம் வரத்தான் மேடம் செய்யும். உங்க கருத்தைக் குறிச்சுக்கிட்டேன்" என்றார். அவர் கையில் பேனாகூட இல்லை. எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மிஞ்சிய நான்கு பேரை அழைத்துப் போனேன். வழியனுப்ப அக்கா ஆட்டோ பிடித்துப் பீளமேடு விமான நிலையத்துக்கே வந்துவிட்டார். வாசல் கம்பியைப் பிடித்தபடி, "நீங்க என்னங்க பண்ணுவீங்க அம்மணி, சட்டம் அப்படி. பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார்.

என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.