பார்டர் செய்த பக்கம்

அச்சகத்தில் எல்லோரும் அவரை 'பார்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். வாழ்த்து மடலோ இரங்கல் சுவரொட்டியோ, சுற்றி ஒரு பார்டர் போடாமல் மனுஷனுக்குக் கை ஓயாது. கணினியில் அடித்துக் கொடுப்பதில் கெட்டிக்காரர். என்ன அடித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று முழிப்பார். கை விசைப்பலகையைத் தட்டும், கண் எழுத்தின் வளைவைப் பார்க்கும், விஷயம் மண்டைக்குள் போகாது. அந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான்.

அவர் மனைவிக்குக் கண் நரம்பு பட்டுப்போய்க்கொண்டிருந்தது. ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் மட்டும் கொஞ்சம் பார்வை மிச்சம். அதுவும் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவள் அழுது முடித்துவிட்டு, போனில் ஒரு கட்டுரை எழுதி இவருக்கு அனுப்பினாள்.

"என்னங்க, இன்டர்நெட்ல எனக்குன்னு ஒரு பிளாக் ஆரம்பிச்சு இதைப் போட்டுக் குடுங்க. பார்வை இருக்கும்போதே என் கண்ணால ஒரு தடவை பார்த்துடணும்."

"அவ்வளவுதானே? ஜமாய்ச்சுடலாம்."

ஜமாய்த்தார். எங்கே? அச்சகத்தில், பெரிய திரையின் முன்னால். விடிந்ததும் கிளம்பிவிடுவார், இருட்டிய பிறகுதான் திரும்புவார், விடுமுறை நாளிலும் அங்கேதான். தலைப்புக்குத் தடித்த எழுத்துரு போட்டால் இரங்கல் சுவரொட்டி மாதிரி இருந்தது. மெலிசாகப் போட்டால் அவளுக்குத் தெரியாதே என்று பயம். வெள்ளைப் பின்னணி கூசும். கறுப்பைப் போட்டுப் பார்த்தார், அவள் கண் ஞாபகம் வந்து உடனே மாற்றிவிட்டார். வரிகளுக்கு நடுவே இடத்தைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார்.

"ஆச்சாங்க?"

"இன்னும் கொஞ்சம்தான். உனக்குன்னு செய்யறது, ஏனோதானோன்னு இருக்கலாமா?"

"ஏனோதானோன்னே இருக்கட்டும். வீட்டுக்கு வாங்க."

பாவி மனுஷன், அதைக் காதில் போட்டுக்கொண்டால்தானே!

ஒருவழியாகப் பக்கம் முடிந்தது. இளம்பச்சைப் பின்னணி, உருண்டையான பெரிய எழுத்து, சன்னமாக ஒரு பார்டர். அழகாகத்தான் இருந்தது, குறை சொல்ல முடியாது. வீட்டுக்கு ஓடிவந்து போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் கை காற்றில் துழாவியது.

"இன்னிக்கு எழுந்திருக்கும்போதே ஒண்ணும் தெரியலங்க. உங்களுக்குப் போன் பண்ணினேன், எடுக்கல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சின்னப்பிள்ளை மாதிரி விசும்பினார்.

அவள்தான் தேற்றினாள். "சரி, அழாதீங்க. கட்டுரை முடிவுல எழுதியிருந்ததுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லலையே?"

"முடிவுல... என்ன எழுதியிருந்தே?"

"படிக்கவே இல்லையா? இத்தனை நாளா அதைத்தானே வச்சுக்கிட்டு இருந்தீங்க?"

ஒவ்வோர் எழுத்தின் சுழியும் கொம்பும் அவருக்கு மனப்பாடம். ஆனால் ஒரு வரிகூட என்னவென்று தெரியாது. வெட்கத்தில் உடம்பு கூசியது.

"முதல்ல படிக்கப்போறது நீங்கதானேன்னு, உங்களுக்காகத்தான் அதை எழுதினேன். முழுசா இருட்டறதுக்குள்ள, பகல்ல கொஞ்ச நேரம் என் எதிர்ல வந்து உக்காருங்க, உங்க மூஞ்சிய நல்லாப் பார்த்துக்கறேன்னு."

அவர் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.