சரிபாதியாக வெட்டிய அரைஞாண் கயிறு

பிள்ளையார் பால் குடிக்கிறார் என்று ஊர் ஊராக ஜனம் கிண்ணமும் ஸ்பூனுமாகக் கோயிலுக்கு ஓடியதே, அன்றைக்குத்தான் எங்கள் பெரியவன் வேலைக்குப் போனான். பெரியவன் என்றால் எனக்கு முன்னால் வெளியே வந்தவன், அவ்வளவுதான். அவனைத் துடைத்துப் படுக்க வைப்பதற்குள் நானும் வந்துவிட்டேனாம். நாங்கள் இரட்டைப் பிள்ளைகள். ஒரே முகம், ஒரே சுழி, இடது காதுக்குப் பின்னால் ஒரே மச்சம். அப்பாவே கடைசி வரைக்கும், "டேய், எவன்டா நீ?" என்று கேட்டுவிட்டுத்தான் திட்ட ஆரம்பிப்பார்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரியில் தண்ணீர் இருந்தால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை. பெரியவனுக்கு வண்டி மேல் ஆசை. டிராக்டர் ஓட்டினான், லாரி ஓட்டினான், கடைசியில் மறைமலைநகரில் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவராக வரச் சொன்னார்கள். அங்கேயே குடியிருக்க வேண்டும். அம்மா முடியாது என்றுவிட்டாள்.

அவளுக்கு ஒரு பயம் இருந்தது. நாங்கள் பிறந்தபோது குறி சொல்கிற ஒருத்தி வாசலில் வந்து நின்று, "ரெண்டுக்கும் ஒரே மூச்சும்மா. பிரிச்சு வெச்சா ஒண்ணு கொழுக்கும், ஒண்ணு கரைஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு அரிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போய்விட்டாள், அந்தப் பேச்சு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து அம்மா எங்களுக்கு எது செய்தாலும் ஒன்றாகத்தான் செய்வாள். ஒருத்தனுக்கு மஞ்சள் காமாலை என்றால் இரண்டு பேருக்கும் கீழாநெல்லி.

ஒருமுறை பெரியவன் புளிய மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் அம்மா எங்கள் இருவரையும் இழுத்துப் போனாள். அவர் அவன் கைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டி முடித்ததும் அம்மா என் கையை நீட்டினாள்.

"இந்தக் கைக்கு இன்னாம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. கட்டு."

அவரும் கட்டினார். கட்டுப் பிரிக்கிற வரைக்கும் இரண்டு பேருக்கும் அம்மாதான் சோறு ஊட்டினாள். நான் அழுததற்குக் காரணம் வலி இல்லை, அரிப்பு. கல்யாணத்துக்கும் இரட்டைப் பெண்கள் வேண்டும் என்று ஜில்லா முழுக்கத் தேடினாள். கிடைக்காமல், அக்கா தங்கையைப் பார்த்து ஒரே முகூர்த்தத்தில் முடித்தாள். என் பெண்சாதி இன்றைக்கும் சொல்வாள், தாலி கட்டி முடிகிற வரைக்கும் யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குச் சந்தேகமாகவே இருந்ததாம்.

பால் குடித்த கதைக்கு வருகிறேன். கம்பெனியில் மறுநாளுக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். பெரியவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அப்போதுதான் தெருவெல்லாம் ஓட்டம். அம்மா கறந்த பாலோடு கிளம்பினாள்.

"புள்ளையாரையே கேக்கறேன். அவரு குட்ச்சா நீ போ. குடிக்கலன்னா வாயத் தொறக்கக் கூடாது."

அன்றைக்கு எந்த ஊர்ப் பிள்ளையாராவது மாட்டேன் என்று சொன்னாரா? எங்கள் ஊர்ப் பிள்ளையாரும் ஸ்பூனைத் துதிக்கையில் வைத்த உடனே குடித்துவிட்டார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு இன்னொரு தரம் வைத்துப் பார்த்தாள். அதையும் குடித்தார். சாயங்காலமே பெரியவன் தகரப் பெட்டியோடு பஸ் ஏறிவிட்டான். அம்மா கோயில் பக்கம் கொஞ்ச நாள் போகவே இல்லை.

அதற்கப்புறம் எங்கள் உடம்பு தனித்தனி வழியில் போனது. அவன் சீட்டில் உட்கார்ந்தே பார்க்கிற வேலை. ஷிப்ட்டுக்கு ஷிப்ட் ஆளை ஏற்றி இறக்குவான், கேன்டீனில் பரோட்டா சாப்பிடுவான், பகலில் தூங்குவான். தொப்பை வந்தது, கன்னம் வந்தது, கண்ணாடி வந்தது. வெயில் படாமல் நிறமே வெளுத்துவிட்டது. ஜன்னல் மேல் வைத்து ஓட்டுகிற வலது கை மட்டும் என் நிறத்திலேயே இருந்தது. இஞ்சின் சத்தத்தில் பேசிப் பேசித் தொண்டை பெரிதாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து சட்னி கேட்டால்கூட அடுத்த தெருவுக்குக் கேட்கும். எதற்கெடுத்தாலும் வாட்ச்சைப் பார்ப்பான்.

நான் இங்கே அறுவடை காலத்தில் நெல் மூட்டை தூக்கினேன், மற்ற நாளில் கடலை மூட்டை. சேற்று வரப்பில் மூட்டையை முதுகில் போட்டு நடக்க ஒரு பழக்கம் வேண்டும். காலைப் பதிக்கிறபோது குதிகாலை நம்பக் கூடாது, விரலால் மண்ணைப் பிடிக்க வேண்டும். எனக்குச் சதை வற்றி, தோல் கறுத்து, விலா எலும்பை எண்ணிவிடலாம் போல ஆகிவிட்டது. மாடுகளோடு பேசிப் பழகியதால் குரல் இறங்கிவிட்டது. எனக்கு இதெல்லாம் ஒரு குறையாகத் தெரியவில்லை. கண்ணாடியில் முகம் பார்க்கிற ஆள் இல்லை நான். பெரியவன் முகத்தைப் பார்த்தால் போதும், என் முகம் அதுதான் என்று நாற்பது வயது வரைக்கும் நினைத்திருந்தேன்.

சுனாமி வந்த வருஷத்துப் பொங்கல். சுனாமி அந்த வருஷக் கடைசியில்தான் வந்தது, பொங்கல் ஆரம்பத்தில். மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்குப் புதுக்கயிறு மாற்றுவோம் இல்லையா, அன்றைக்கே அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் இடுப்பில் புது அரைஞாண் கயிறு கட்டுவாள். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் விடவில்லை. கறுப்புக் கயிறு வாங்கி, நீட்டிப் பிடித்து, நடுவில் மடித்துச் சரிபாதியாக வெட்டுவாள். ஒரு நூல் கூடக் குறையக் கூடாது. முந்தின இரண்டு வருஷமும் பெரியவனுக்குப் பொங்கலன்று டியூட்டி, அவன் வரவில்லை. அந்த வருஷம் வந்தான்.

அம்மா அவன் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைக் கொண்டுவந்தாள். இரண்டு முனையும் சேரவில்லை. நடுவில் ஒரு சாண் தொப்பை.

"மூச்ச இழுடா."

இழுத்தான். சேரவில்லை. அம்மா மற்ற பாதியை எனக்குக் கட்டினாள். முடிச்சுப் போட்ட பிறகும் இரண்டு முனையும் தொடை மேல் தொங்கிற்று. பிள்ளைகள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவ சொன்னா மாதிரியே ஆயிட்ச்சே. ஒண்ணு கொழுத்துகினு கீது, ஒண்ணு கரைஞ்சிகினு கீது. டேய் பெரியவனே, உன் தம்பி உசுர நீ துன்னுகினு கீறடா!"

"அம்மா, நான் பரோட்டாதாம்மா துன்றேன்" என்றான் அவன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் கீறேன்" என்று நானும் சொல்லிப் பார்த்தேன். டாக்டரிடம் காட்டலாம் என்றாள் என் பெண்சாதி. "டாக்டரு ஒரு ஆளத்தான் பாப்பாரு. ரெண்டயும் சேத்துப் பாக்க அவருக்கு இன்னா தெரியும்?" என்று அம்மா அடக்கிவிட்டாள். பெரியவன் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட வேண்டும், அதுதான் அவள் தீர்ப்பு.

பெரியவன் அம்மா பேச்சைத் தட்டுகிறவன் இல்லை. ஒரு தரம் தட்டியதற்கே பிள்ளையார் தேவைப்பட்டார். இரண்டு பிள்ளைகள் அங்கே படித்தார்கள், வேலை நிரந்தரமாகி இருந்தது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டு, "சரிம்மா, போயி சொல்லிட்டு வந்துட்றேன்" என்றான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை. மறுநாள் சாயங்காலம் அவன் கிளம்ப வேண்டும். அம்மா மனசை மாற்ற எனக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

மறுநாள் காணும் பொங்கல். எங்கள் பக்கத்து ஜனமெல்லாம் மாமல்லபுரத்துக்குத்தான் போகும். நாங்களும் டிராக்டர் டிரெய்லரில் புளிசாதம், கரும்போடு போனோம். பாறைச் சரிவில் ஒரு பெரிய உருண்டைப் பாறை விழுகிற மாதிரியே நிற்குமே, அங்கே மர நிழலில் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் சரிவில் ஏறுவதும் சறுக்குவதுமாக இருந்தார்கள். எத்தனையோ பேர் சறுக்கிச் சறுக்கிப் பாறை எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று இருக்கும். பெரியவன் ஷூவோடு இரண்டு எட்டு வைத்தான், வழுக்கி உட்கார்ந்தான். அம்மா என்னைப் பார்த்து, "நீ ஏறாத. உனக்குத் தெம்பு பத்தாது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவன் முன்னால் போய்க் குனிந்தேன்.

"டேய், ஏறு முதுகுல."

"உனக்கு இன்னா பைத்தியமா? வுழுந்தா பல்லு பேந்துடும்."

"ஷூவக் கழட்டிட்டு ஏறுடா. மூட்ட பேசக் கூடாது."

ஏறினான். நல்ல கனம். ஈர நெல் மூட்டை போல இருந்தான், அதைவிட மோசம், மூட்டை ஆடாது. ஓரமாக, சரிவு கொஞ்சம் படிந்த பக்கமாகக் கால் விரலைப் பதித்து ஏற ஆரம்பித்தேன். கீழே அம்மா, "ஐயோ, எறக்கு! டேய், எறக்கு!" என்று கத்தினாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. விசில் பறந்தது.

"அண்ணாத்த, டயரு பஞ்சராயிடப் போவுது, லோட எறக்கு!"

"நைனாவ எங்க தூக்கினு போற? ஆஸ்பத்திரி அந்தாண்ட கீது!"

பெரியவனை என் அப்பனாக்கி நைனா என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கத்தினாள்.

"இன்னாடா நைனா? ரெண்டும் ரெட்டப் புள்ளடா! ஒரே வயித்துல, ஒரே நாள்ல பொறந்துது. நான்தான்டா பெத்தேன்!"

"ஆயா செம ரீல் வுடுது!" என்றான் ஒருத்தன். கூட்டமே சிரித்தது.

அம்மா அவனை முறைத்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். அதற்குள் நான் உருண்டைப் பாறையின் அடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். பெரியவனை இறக்கிவிட்டு நிமிர்ந்து நின்றேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை. முதுகில் வந்த அவனுக்குத்தான் வாங்கியது, பயத்தில். மேலிருந்து கடல் தெரிந்தது. அவன் என் கழுத்தை விடவே இல்லை. ஒரு கை என் நிறம், ஒரு கை வேறு யாருடையதோ. இரண்டு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக உட்கார்ந்து, சின்னப் பிள்ளைகள் மாதிரி சர்ரென்று சறுக்கி அம்மா காலடியில் வந்து விழுந்தோம். அவன் பேன்ட் பின்னால் கிழிந்துவிட்டது.

அம்மா என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தாள். தோளை அழுத்திப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"கரையல" என்றாள். "இறுகிப் போயி கீறான்." பிறகு பெரியவன் தொப்பையில் ஒரு தட்டுத் தட்டினாள். "இவன்தான் காத்தடிச்சு வெச்சா மாதிரி கீறான். என் வவுத்துல பொறந்த ரெட்டன்னு சொன்னா ஒரு பைய நம்பல பாரேன்." சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

சாயங்காலம் பெரியவன் வேட்டிக்கு மாறி, பையோடு நின்றான். "அம்மா, நாளிக்கு மொத ஷிப்ட்டு கீது" என்று இழுத்தான்.

"அப்புறம் இன்னாத்துக்கு நின்னுகினு கீற? நீ லேட்டா போனா அத்தினி சனம் ரோட்டுல நிக்காது? போ."

அடுத்த மாட்டுப் பொங்கலுக்கும் அம்மா கறுப்புக் கயிறு வாங்கினாள். இந்தத் தடவை மடித்து வெட்டவில்லை. அவன் இடுப்பில் சுற்றிப் பார்த்து அவனுக்கு வெட்டினாள், என் இடுப்பில் சுற்றிப் பார்த்து எனக்கு வெட்டினாள். அவன் கயிறு எவ்வளவு நீளம் பார் என்று தெருவுக்கே காட்டினாள். அதிலிருந்து அவள் இருக்கிற வரைக்கும் அப்படித்தான் கட்டினாள்.

பெரியவன் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கம்பெனி பஸ்ஸைத்தான் ஓட்டினான். இப்போது சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறான். நான் அவன் எதிரிலேயே பலாச்சுளை சாப்பிடுவேன். ஒருத்தரும் கரையவில்லை.

உங்களுக்குத் தெரிந்த வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் இருந்தால், அவர்கள் அம்மாவிடம் நான் சொன்னதாக இதைச் சொல்லுங்கள். ஒருத்தன் கை ஒடிந்தால் அவன் கைக்கு மட்டும் கட்டுப் போடச் சொல்லுங்கள். கயிறு வாங்கினால், அந்தந்தப் பிள்ளையின் இடுப்பில் வைத்து அளந்து வெட்டச் சொல்லுங்கள்.