மஹ்லகாவின் ஐந்து அறைப் பெட்டி

1381 பஹ்மன் 20: நுழைவுத் தேர்வு விண்ணப்பம், 3,500 தோமான்.
1381 எஸ்ஃபந்த் 2: ஐந்து அறை அட்டைப்பெட்டி, 1,800 தோமான்.
1382 பஹ்மன் 18: மறுபடியும் விண்ணப்பம், 4,000 தோமான்.

இவை மஹ்லகாவின் கணக்கு நோட்டு வரிகள்; தேதி ஈரானிய நாட்காட்டிப்படி (1381 பஹ்மன் என்றால் 2003 பிப்ரவரி), தோமான் அந்நாட்டுப் பணம். ஈரானின் கர்மான்ஷா நகரில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்திய மஹ்லகாவுக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. ஆங்கிலம் படிக்கக் கல்லூரியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. இரண்டாவது முறையும் தவறினால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று கணவர் பஹ்ராமுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பெட்டி சொற்களை மனப்பாடம் செய்வதற்கு: ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் ஓர் அட்டை, பின்பக்கம் பொருள், எல்லாம் முதல் அறையில் தொடங்கும். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். முதல் வருடம் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காத்திருந்த வாடிக்கைக்காரிகள்தான் கேள்வி கேட்டார்கள். அட்டைகள் மளமளவென்று ஐந்தாவது அறைக்குப் போய்ச் சேர்ந்தன. தேர்வில் தோற்றாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தால், தேர்வில் தெரியாமல் விழித்த சொற்கள் எல்லாம் ஐந்தாவது அறையில் இருந்தன. பர்வானே என்ற வாடிக்கைக்காரியைப் பிடித்து உலுக்கினாள்.

"நான் தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது மஹ்லகா ஜான்? டீ குடுத்து, அரிசி பிஸ்கட் குடுத்து உக்கார வச்சிருக்கே. மூஞ்சியில அடிச்ச மாதிரி தப்புன்னா மரியாதையா இருக்குமா? அதோட என் தலை உன் கையில இருக்கு!"

மஹ்லகா சிரித்துவிட்டாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அடுத்து அவள் செய்த காரியம்தான். அந்த ஊரில் தன்னிடம் மரியாதை பார்க்காத ஒரே ஆள் யார் என்று யோசித்தாள். கடைக்கு மேல் மாடி வீட்டுத் தூபா; ஊர் மரியாதையாகக் கூப்பிடுவது 'தூபா கானும்', அதாவது தூபா அம்மா. கம்பளம் கழுவிய தண்ணீர் கடைக்குள் இறங்கியதில் இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. நேராகப் போய்க் கதவைத் தட்டினாள்.

விஷயத்தைக் கேட்ட தூபா சொன்னாள்: "உன்னைத் தப்புன்னு சொல்லணும், அவ்வளவுதானே? அதுக்குக் கூலியே வேண்டாம். உக்காரு."

குளிர்காலம் முழுக்க அது நடந்தது.

"ரிலக்டன்ட்?"

"கொஞ்சம்... சங்கடமான?"

"தயக்கமான. போடு முதல் அறையில."

"கிட்டத்தட்ட சரிதானே? கொஞ்சம் பாத்துப் போடுங்களேன், தூபா கானும்."

"பாத்துப் போடறவளுங்க கீழே இருக்காளுங்க. போன வருஷம் அவளுங்கதானே உன்னைப் பாஸ் பண்ணி வச்சாளுங்க?"

முகம் சிவக்கும். ஆனாலும் அட்டையைத் தன் கையாலேயே முதல் அறையில் வைப்பாள். மறுநாள் மறுபடியும் மாடியேறுவாள். வேறு யாராயிருந்தாலும் ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பார்கள். கோடை வந்தபோது ஐந்தாவது அறை பாதிதான் நிறைந்திருந்தது. அந்தப் பாதியை நம்பித்தான் தேர்வுக்குப் போனாள்.

கல்லூரிக் கடிதம் வந்த அன்று கடை பூட்டியிருந்ததால் தபால்காரர் அதை மாடியில் கொடுத்துவிட்டுப் போனார். தூபா அதைப் பிரிக்காமல் மாலைவரை வாசலிலேயே நின்றாள். மஹ்லகா வந்து வாங்கிப் படித்து முடித்ததும் தூபா கேட்டாள்:

"என்னவாம்?"

"சேரச் சொல்லியிருக்காங்க."

தூபா கடிதத்தை வாங்கித் தானும் ஒருமுறை முழுக்கப் படித்தாள்.

"சரி" என்றாள்.

கடிதம் வந்த தேதி: 1383 ஷஹ்ரீவர் 29.