விருந்தாளிக்கு வைத்த தண்ணீர்

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். அம்மாவின் பற்களில் காவிக் கறை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முழங்கால் விடாது. மொரப்பூர்ப் பக்கம் இது யாருக்கும் அதிசயமில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படிப்பு முடிந்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். அரசுப் பணம் மட்டும் போதாத ஊர்களுக்குக் கம்பெனிகள் ஊர் நலனுக்கென்று ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் வேலை. அப்படித்தான் எங்கள் ஊருக்கே, ஃப்ளோரைடை வடிகட்டும் ஒரு குடிநீர் மிசின் வந்தது. ஓசூர்க் கம்பெனி மிசினைக் கொடுத்தது, பஞ்சாயத்து இடம் கொடுத்தது, நடத்துவது ஊர்க் குழு.

வருடம் திரும்புவதற்குள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. தண்ணீர் பிடிப்பது மிகக் குறைவாம். மேலாளர் நேரில் வந்து பார்ப்பாராம். தேவையில்லை என்று பட்டால் மிசினை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்களாம்.

அன்று வீட்டுக்குப் போனதும், மிசின் தண்ணீர் பிடித்து மூடி வைத்திருந்த கேனிலிருந்து அம்மா எனக்கு ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தாள். அவளோ சாப்பிட்டு முடித்து, போர்வெல் தண்ணீர் வரும் வாசல் குழாயில் கையேந்திக் குடித்தாள்.

"ஏம்மா, கேன்ல தண்ணி இருக்குதில்ல?"

"அது வர்ற போற சனத்துக்கு கண்ணு. நாமளே குடிச்சுத் தீத்துட்டா, யாராச்சும் வூட்டுக்கு வந்தா என்னத்தக் குடுக்கறது?"

பக்கத்து வீடுகளிலும் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் ஒரு கேன், மேலே கவிழ்த்த தட்டு. எலும்பு, பல் என்று படம் வைத்து நான் விளக்கியபோது தலையாட்டியவர்கள்தான். நல்ல தண்ணீர் என்று நான் சொன்னதை முழுசாக நம்பியிருக்கிறார்கள். நம்பியதால்தான் தாங்கள் தொடவில்லை.

மேலாளர் ஒரு பெண். வந்த அன்று வீட்டுக்கு வீடு தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது.

"எல்லா வீட்லயும் இதான் வெச்சிருக்காங்க. அப்புறம் ஏன் கணக்கு இவ்ளோ கம்மி?" என்று என்னிடம் கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு வேணாமாம்மா?"

"எனக்கு வயசாயிருச்சுங்க, இனிமே என்ன. வந்தவங்களுக்குக் குடுத்தாப் போதும்."

"நீங்க குடிக்கத்தாம்மா குடுத்தது. வேற ஊருங்க கேட்டுட்டே இருக்காங்க, நானும் மேல பதில் சொல்லணும்." குரலில் கோபமில்லை. "மழை முடியட்டும், திரும்ப வந்து பாக்கறேன்."

வண்டி கிளம்பிய பிறகு அம்மா கேட்டாள்: "மிசின எடுத்துட்டா உன் வேலைக்கு ஏதாச்சும் ஆவுமா?"

"வேலை போவாதும்மா. நான் கொண்டாந்தது நிக்கலன்னு ஆயிரும்."

மறுநாள் காலையில் தெருவில் அவள் சத்தம் கேட்டது. இடுப்பில் குடத்தோடு எதிர்வீட்டுக்காரியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கேன மூடி வெச்சு பூச பண்றியாடி? எம் பையன் கொண்டாந்த மிசின ஓசூருக்கே தூக்கிட்டுப் போவட்டும்னு இருக்கியா?"

"குடிச்சா சப்புனு இருக்குதுக்கா."

"உப்புப் போட்டுக் குடி."

வீட்டுக்குள் வந்து குடத்தை இறக்கினாள். ஒரு சொம்பு மொண்டு, கஷாயம் குடிப்பதுபோல் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். தன் உடம்புக்காக அவள் குடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மழை முடிந்து மேலாளர் வந்து கணக்கைப் பார்த்தார்; ஏறியிருந்தது. மிசின் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இப்போதும் சப்பென்றுதான் இருக்கிறது என்கிறாள் அம்மா. தினமும் குடிக்கிறாள்.