இரண்டாம் தடவையே சரி சொன்ன வெர்லா

வெர்லா ஸ்டெனர்சன் முப்பத்து நான்கு வருடம் முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, புரட்டி, துடைத்து, மறுபடி படுக்க வைத்தவள். முதுகு இன்னும் நேராக இருக்கிறது. தூக்குவது கையால் அல்ல, தொடையால் என்பது தெரிந்தவளுக்கு முதுகு வளையாது. அயோவா மாநிலத்து லூண்ட்பி என்ற அந்தச் சின்ன ஊரில் அவள் கைபடாத குடும்பம் கிடையாது. இருந்தும் அறுபத்தெட்டு வயது வரை அவளை யாரும் எதற்கும் தேர்ந்தெடுத்ததில்லை.

குற்றம் ஊர் மரியாதையில் இருந்தது. லூண்ட்பியில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை மறுத்துவிட்டு மூன்றாம் தடவைதான் வாங்கிக்கொள்ள வேண்டும். காபிக்கும் அதே விதி, பதவிக்கும் அதே விதி. முதல் தடவையே தலையாட்டுகிறவளைப் பற்றிப் பனி உருகும் வரை பேசுவார்கள். வெர்லாவின் துரதிர்ஷ்டம், அவளைக் கேட்டவர்கள் எல்லோரும் அவசரக்காரர்களாக அமைந்தார்கள். தேவாலயத்து மகளிர் சங்கத்துக்குத் தலைவியாக இருக்கிறாயா என்று கேட்டவர் வெளியூரிலிருந்து வந்த புதுப் பாதிரியார். நூலகக் குழுவுக்குக் கேட்டவருக்குப் பல் டாக்டரிடம் போக நேரமாகிவிட்டது. "ஐயோ, நான் எதுக்கு?" என்று அவள் முதல் மறுப்பைச் சொன்னாள். அவர்கள் "அப்படியா, சரி" என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார்கள்.

அந்த ஜனவரியில் அவளுக்கு ஒரு ஆசை வந்தது. கட்சியின் பேராளராக மாவட்ட மாநாட்டுக்குப் போக வேண்டும். சட்டையில் அட்டை குத்திக்கொண்டு உட்கார வேண்டும். ஒரே ஒரு தடவை, ஒரு சனிக்கிழமை.

ஜனாதிபதி வேட்பாளரை அங்கே ஓட்டுப் பெட்டி வைத்துப் பொறுக்குவதில்லை. பேட்டைக்குப் பேட்டை பள்ளிக்கூடத்தில் கூடி, வேட்பாளருக்கு ஒரு மூலையாகப் பிரிந்து நிற்பார்கள். எந்த மூலையில் எந்த வேட்பாளர் என்று எழுதி ஒட்டியிருக்கும். தலைகளை எண்ணி, அந்தக் கணக்குப்படி மூலைக்கு இத்தனை பேராளர் என்று பிரித்துக் கொடுப்பார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் தேறாத மூலைக்கு ஒன்றும் கிடையாது. கலைந்துபோய் வேறு மூலையில் சேர வேண்டியதுதான்.

வெர்லாவின் ஆள் ஹாலோவே என்ற முன்னாள் ஆளுநர். முதியோர் இல்லத்துக்கு ஒரு தடவை வந்தபோது, யாரும் சொல்லாமலே குனிந்து ஒரு சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட்டுவிட்டு அப்புறம் கைகுலுக்கினார். அவருடைய வரிக் கொள்கை என்னவென்று வெர்லா விசாரிக்கவில்லை.

ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று "சரி" சொல்லிப் பழகினாள். கேட்டதும் சரி. யோசிக்காமல் சரி.

கூட்டம் மழலையர் வகுப்பில் நடந்தது. ஐம்பத்தெட்டு பேர், முழங்கால் உயர நாற்காலிகள். கூட்டத் தலைவர் டுவேன், டிராக்டர் கடைக்காரர், கணக்குப் பொறியைத் தட்டிப் பார்த்தார்.

"ஒரு மூலை தேறணும்னா எட்டுப் புள்ளி ஏழு ஆள் வேணும். புள்ளி ஏழு ஆளுக்கு நான் எங்க போவேன்? ஒன்பதுன்னு வச்சுக்குவோம்."

ஹாலோவே மூலைக்குச் சரியாக ஒன்பது பேர் இருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு நியூ ஜெர்சியிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மேலாளர் கிரெக் கையில் குறிப்பேட்டோடு மூலைக்குப் பொறுப்பாக நின்றார். பேராளர் வெர்லாதான் என்று ஏற்கெனவே பேச்சு. டுவேன் எண்ணிக்கொண்டே வந்தார். எட்டில் நின்றார்.

"ஆரின் எங்கப்பா?"

"இங்க இருக்கேன்!" என்று சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

வகுப்போடு ஒட்டிய கழிப்பறை அது. ஐந்து வயதுக் குழந்தைகளுக்கானது. இருக்கை முக்கால் முழ உயரம். ஆரின் குவாம் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், இருநூற்றெழுபது பவுண்டு எடை. உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

"எவ்வளவு நேரமா உள்ள இருக்கே?" என்று வெர்லா கதவருகே போய்க் கேட்டாள்.

"கூட்டம் ஆரம்பிச்சு உறுதிமொழி எடுத்தப்பவே வந்துட்டேன். என் பொண்டாட்டி கேக்குல என்னமோ போட்டுட்டா."

அவருடைய மனைவி பானிதான் எதிர்மூலையின் தலைவி, செனட்டர் மர்டாக்கின் ஆள். மூலைக்கு ஆள் இழுக்கத் தட்டு நிறைய கேக் துண்டுகள் கொண்டுவந்திருந்தாள்.

"உலர்ந்த பிளம்ஸ் போட்டேன், வயித்தை இளக்கும். எல்லாரும் ஒண்ணு சாப்பிட்டாங்க. இவர் ஆறு சாப்பிட்டார்" என்றாள் பானி. "டுவேன், எட்டுன்னு எழுதுங்க. ரூமுக்குள்ள இருக்கறவங்களத்தான் எண்ணணும்னு விதி இருக்கு."

டுவேன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விதி அப்படித்தான் இருந்தது. கழிப்பறையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"அதுக்கு வேற கதவு கிடையாது. இந்த ரூமுலதான் திறக்குது. அதனால அது இந்த ரூம்தான்" என்றார் கிரெக்.

"எங்க வீட்டு அலமாரியும் என் ரூமுலதான் திறக்குது. அது ரூமா?" என்றாள் பானி.

வெர்லா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கதவை ஒரு சாண் திறந்தாள். "ஆரின், கையை வெளிய நீட்டு. நல்லா ஆட்டு."

பெரிய சிவந்த கை ஒன்று வெளியே வந்து ஆடியது.

"கை மட்டும் ஒரு ஆளாகுமா?" என்றாள் பானி.

"பாக்கியையும் பார்க்கணும்னா வந்து பாரு."

"நாப்பத்தோரு வருஷமா பார்த்துட்டுத்தான் இருக்கேன், போதும்" என்று பானி தன் மூலைக்குத் திரும்பினாள். டுவேன் ஒன்பது என்று எழுதினார். ஹாலோவேக்கு ஒரு பேராளர்.

வெர்லா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி ஆரினின் இடுப்பைச் சுற்றிக் கட்ட, அது எட்டவில்லை. அவருடைய கால்சட்டையின் தோள்பட்டியையும் சேர்த்து முடிந்தாள்.

"பாதத்தை உள்ள இழு. மூக்கு முழங்காலுக்கு நேரா வரட்டும். மூணு சொன்னதும் எழுந்திரு. கண்ணை மூடிக்காதே, மயக்கம் வரும்."

"நீ கண்ணை மூடிக்கோ."

"உன்னை மாதிரி நானூறு பேரைப் பார்த்தாச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு!"

ஆரின் பாதி எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவுக்கு வெளியே கிரெக்கின் குரல் கேட்டது.

"வெர்லா மேடம், நம்ம பேராளரா நீங்க இருக்கீங்களா?"

ஒரு வாரப் பயிற்சி போன இடம் தெரியவில்லை. அறுபத்தெட்டு வருஷத்து நாக்கு தன் வேலையைச் செய்தது.

"ஐயோ, நான் எதுக்கு?"

"ஓ, சரி மேடம்." பேனா கிறுக்கும் சத்தம். "அப்போ ஆரின் சார்?"

"நானா? வேற நல்ல ஆள் கிடைக்காமலா போயிடும்?" என்றார் ஆரின், பாதி நின்றபடி.

"சரி, அவரும் இல்லை." மறுபடி கிறுக்கல். கிரெக் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒவ்வொருவரும் மரியாதையாக ஒரு தடவை மறுத்தார்கள். ஒவ்வொரு பெயரும் அடிபட்டது. கடைசியில் அடிபடாமல் எஞ்சியது கிரெக்கின் பெயர்தான். "அப்ப நானே போயிடறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை" என்று அவர் சொல்வது கேட்டது. மூலையே மூச்சை உள்ளே இழுத்தது.

வெர்லா பெல்ட்டைப் பிடித்த பிடியை ஒரு விரல் தளர்த்தினாள். ஆரின் ஒரு அங்குலம் இறங்கினார்.

"என்னடி பண்றே?"

"என்னை மறுபடி கேக்கச் சொல்லு."

"நீயே சொல்லிக்கோயேன்!"

"நானே எப்படிச் சொல்றது? நல்லாருக்குமா?" இன்னொரு விரல்.

"யோவ் கிரெக்!" ஆரினின் குரலில் சன்னல் அதிர்ந்தது. "வெர்லாவை இன்னொரு தடவை கேளுய்யா! இந்த ஊர்ல மூணு தடவை கேக்கணும்! உனக்கு யாரும் சொல்லித் தரலையா?"

வெளியே குறிப்பேடு புரளும் சத்தம். "அப்படியா? மன்னிக்கணும். வெர்லா மேடம், இருக்கீங்களா?"

மரியாதைப்படி இன்னும் ஒரு மறுப்பு பாக்கி இருந்தது. வெர்லா வாயைத் திறந்தாள். "ஐ..." என்று தொடங்கியும்விட்டது.

"முட்டி போகுது! சரின்னு தொலையேன்டி!" என்று ஆரின் அலறினார்.

"சரி" என்றாள் வெர்லா. சொன்ன வேகத்தில் தொடையைக் கொடுத்து ஒரே மூச்சில் அவரை நிமிர்த்தி நிறுத்தினாள்.

அவர்கள் வெளியே வந்தபோது கைதட்டல் கேட்டது. அது ஆரினுக்கு. வெர்லாவைப் பார்த்து இரண்டு பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பானி கேக் தட்டை நீட்டினாள்.

"ரெண்டாம் தடவையே சரின்னுட்டியாமே?"

"உள்ள வேலை இருந்துச்சு" என்றாள் வெர்லா. கேக் வேண்டாம் என்றாள். அந்த மறுப்பு நிஜமானது.

மார்ச் மாதம் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் மாவட்ட மாநாடு நடந்தது. வெர்லா அட்டையைக் குத்திக்கொண்டு ஆறு மணி நேரம் மரப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். முதல் வேலையாகக் கழிப்பறையைப் போய்ப் பார்த்து வந்தாள். உயரம் சரியாக இருந்தது, பிடிகம்பிதான் இல்லை. அதை எழுதிக் கொடுத்தாள். கூட்டம் முடிகிற நேரம் மேடையிலிருந்து ஒருவர் காகிதமும் கையுமாக நேராக அவளிடம் வந்தார். அடுத்த கட்ட மாநாட்டுக்குப் பேராளர் பொறுக்குகிறார்கள் என்று பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வெர்லா ஸ்டெனர்சன் நீங்கதானே? உங்களால முடியும்னா..."

"சரி" என்றாள் வெர்லா.

அவர் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிம்மா! காலையிலேருந்து யாரைக் கேட்டாலும் நான் எதுக்கு, நான் எதுக்குன்றாங்க. நாற்காலி மொத்தம் நானூறு இருக்கு. மடிச்சு அந்தச் சுவரோரமா சாய்ச்சுட்டாப் போதும்."

வெர்லா கோட்டைக் கழற்றினாள். அட்டையைக் கழற்றவில்லை. முதல் நாற்காலியை மடித்தாள், தொடையால்.