மைத்துனனின் பச்சைப் புள்ளி

அலுவலகத்தில் அவருக்குப் பொத்தான் என்று பெயர். கணினித் திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும் என்று வரைவதுதான் பிழைப்பு. பெற்றோர் வைத்த பெயரைச் சம்பளச் சீட்டு மட்டுமே சொல்லும். எதையும் இரண்டு முறை யோசித்து, மூன்றாம் முறை குழம்புகிறவர்.

கம்பெனியின் செயலியில் ஒவ்வொருவர் படத்தின் அருகிலும் ஒரு புள்ளி உண்டு. கணினியைத் தொட்டால் பச்சை. கொஞ்ச நேரம் தொடாவிட்டால் சாம்பல். மேசைக்காரர்களுக்கு அது சரி. கிடங்கில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் கணினியோடு என்ன வேலை? அவர்கள் எப்போதும் சாம்பல். அவர்களில் ஒருவன் பொத்தானின் மனைவிக்குத் தம்பி. புதிதாக வந்த மேலாளர் புள்ளியைப் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் ஆளைக் காணோம் என்று அவனுக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

“நாள் பூரா முதுகு ஒடியுது மாமா. உங்க பெட்டியில நான் செத்துட்டேனாமே?”

“சாம்பல்னா செத்ததில்ல மாப்ளே. கம்ப்யூட்டரைத் தொடலைன்னு அர்த்தம்.”

“அதை அந்த மனுஷன்கிட்ட சொல்லுங்க.”

மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிறவருக்கு என் தம்பிக்கு ஒரு புள்ளி வைக்கத் தெரியாதா?”

அவர் போய்ச் சொன்னார். புள்ளியை எல்லாருக்கும் பயன்படுகிற மாதிரி மாற்றிக் கொடு என்றார் மேலாளர். யாருக்கு என்ன பயன் என்று பொத்தான் விசாரிக்கப் போனார். கேன்டீன்காரர், “எனக்குப் பச்சை வேணாம் சாமி, கண்ட நேரத்துல டீ கேப்பாங்க” என்றார். கணக்குப்பிள்ளை, “என்னுது எப்பவும் பச்சையா இருக்கணும். முக்கியமா நான் இல்லாதப்போ” என்றார். விசாரிக்கப் போனபோது இருந்த தெளிவு திரும்பும்போது இல்லை.

கடைசியில் மைத்துனனை மட்டும் நினைத்துக்கொண்டு ஒன்றைச் செய்தார். கிடங்கில் ஓட்டுகிறவர் தன் அடையாள அட்டையைச் செருகினால்தான் வண்டி ஓடும். இனி அட்டை உள்ளே இருந்தால் அதற்குரியவரின் புள்ளி பச்சை. திங்கள் காலை மைத்துனன் பச்சையானான். மாலையில் அவன் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செயலியில் அப்போதும் பச்சை. மறுநாளும் பச்சை. அடுத்த இரண்டு ஷிப்டுக்காரர்களும் சாம்பல். தான் செய்ததில் எங்கோ பிசகு என்று தேடினார். கிடைக்கவில்லை. கிடங்குக்குப் போய் நின்றார்.

ஷிப்டு மாறியது. மைத்துனன் இந்தப் பக்கம் இறங்க, அடுத்தவர் அந்தப் பக்கம் ஏறினார். வண்டியின் இன்ஜின் அணையவேயில்லை.

“அட்டையை மாத்த மாட்டீங்களா?”

“மாத்தினா வண்டி அணைஞ்சு, திரையில பிரேக் பார்த்தியா, ஹாரன் பார்த்தியான்னு பொண்ணு பாக்க வந்தவங்க மாதிரி கேள்வி கேக்கும். அதுக்குள்ள லாரிக்காரன் கத்துவான். காலையில யாரு ஏறுறானோ அவன் அட்டைதான் எல்லாருக்கும்.”

“அப்போ மத்தவங்க?”

“அவங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு எச்சரிக்கை வந்திருக்கு. என்னோட பேசறதில்ல.” மைத்துனன் கையுறையைக் கழற்றினான். “என்னைத் தூக்கிவிடப் போய் எல்லாரையும் கவுத்துட்டீங்களே மாமா.”

பொத்தான் நேராக மேலாளர் அறைக்குப் போனார். “புள்ளியை எடுத்துடலாம் சார்.”

“எடுத்துட்டா யாரு வேலையில இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். இப்பவும் தெரியல.” பிறகு, வரும் வழியில் தோன்றியதைச் சொன்னார். “உதவி வேணும்னா கேக்கறதுக்கு ஒரு பொத்தான் வைக்கலாம். கை ஒழிஞ்சவங்க வரட்டும்.”

“அது எல்லாருக்கும் பயன்படுமா?”

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “தெரியல சார். யாருக்கும் எச்சரிக்கை வாங்கித் தராது. அது மட்டும் தெரியும்.”

புள்ளியை எடுத்து அந்தப் பொத்தானை வைத்து ஒரு மாதம் பார்ப்போம், அதுவரை எச்சரிக்கைகளை நிறுத்தி வைக்கிறேன் என்றார் மேலாளர்.

வாசலில் மைத்துனன் காத்திருந்தான். கூடவே, சற்றுத் தள்ளி, மற்ற இருவரும்.

“என்ன மாமா, எச்சரிக்கை போயிடுச்சா?”

“நிறுத்தி வச்சிருக்காங்க.”

“அப்படின்னா இருக்கா, இல்லையா?”

பொத்தான் யோசித்தார். இன்னொரு முறை யோசித்தார்.

“ரெண்டும்தான் மாப்ளே” என்றார்.